ஐப்பசி ஆப்பிளும் நம் வீட்டு வாணலியும்

நம் ஊரில் ஆப்பிள் என்றால் உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்கப் போகும்போது வாங்கிச் செல்லும் பழம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் கையில் இருக்கும் பையில் நான்கு சாத்துக்குடியும் இரண்டு ஆப்பிளும் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் இருக்கும். தில்லிக்குக் குடிவந்த பிறகுதான் ஆப்பிளைக் கிலோக் கணக்கிலும் பெட்டிக் கணக்கிலும் வாங்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரிய வந்தது.

ஜூலை மாதம் ஹிமாசலத்தின் தாழ்வான மலைச்சரிவுகளிலிருந்து முதல் பழங்கள் வரத் தொடங்குகின்றன. ஆகஸ்ட், செப்டம்பரில் உயரமான தோட்டங்களின் பழமும், கடைசியாகக் கின்னௌர் பழமும் வருகின்றன. செப்டம்பர் முதல் நவம்பர் வரை காஷ்மீர் லாரிகள் ஆஸாத்பூர் மண்டியில் வந்து நிற்கின்றன. ஆக, நவராத்திரியில் தொடங்கித் தீபாவளி தாண்டித் திருக்கார்த்திகை வரைக்கும், அதாவது நமக்குப் பலகாரம் செய்ய வேண்டிய நாட்கள் அத்தனையிலும், தெருமுனைத் தள்ளுவண்டியில் புதிய ஆப்பிள் கிடைக்கிறது. வருடத்தின் மற்ற மாதங்களில் நாம் வாங்குவது பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும் பழம், அல்லது வெளிநாட்டுப் பழம்.

மலிவாக இருக்கிறதே என்று ஒரு பெட்டி வாங்கி விடுகிறோம். அல்லது தீபாவளிக்கு யாராவது கொடுத்து விடுகிறார்கள். முதல் வாரம் எல்லோரும் கடித்துச் சாப்பிடுகிறார்கள். இரண்டாம் வாரம் குழந்தைகளுக்கு அலுத்து விடுகிறது. மூன்றாம் வாரம் பழம் தொட்டால் அமுங்குகிறது. அதில் கொஞ்சம் மில்க் ஷேக்குக்குப் போகும், மீதி குப்பைக்குப் போகும். அதே வாரம் கடையிலிருந்து அட்டைப் பெட்டியில் இனிப்பு வாங்கி வருகிறோம். இது எனக்கு வெகுநாளாக உறுத்திக் கொண்டிருந்த விஷயம். ஆப்பிளை வாணலியில் போட்டுப் பார்க்கலாமே என்று நான் தொடங்கியதற்கு அதுதான் காரணம்.

"ஆப்பிளைப் போய்ப் பொரிப்பதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆப்பிள் விளைகிற நாடுகளில் இது பழைய வழக்கம். ஹாலந்தில் டிசம்பர் 31ஆம் தேதி இரவு ஆப்பிள் வளையங்களை மாவில் தோய்த்துப் பொரித்துச் சர்க்கரை தூவிச் சாப்பிடுகிறார்கள். தெற்கு ஜெர்மனியிலும் இதே பலகாரம் உண்டு. வட சீனத்தில் பொரித்த ஆப்பிள் துண்டுகளைச் சர்க்கரைப் பாகில் புரட்டி, நூல் நூலாக இழுபட இழுபடச் சூட்டோடு சாப்பிடுகிறார்கள். நமக்கோ பஜ்ஜி தெரியும், சோமாசி தெரியும், அப்பம் தெரியும். இந்த மூன்றும் கைவந்தவர்களுக்கு ஆப்பிளைப் பொரிக்கப் புதிதாகக் கற்க வேண்டியது அதிகம் இல்லை. பழத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் தெரிந்து கொண்டால் போதும்.

நம் ஆப்பிள் ஏன் இத்தனை இனிப்பு?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் குலுவிலும் சிம்லா மலைகளிலும் ஆப்பிள் பயிரிட்டார்கள். அவை பெரும்பாலும் இங்கிலாந்தின் புளிப்பு வகைகள். நம் மக்களுக்கு அந்தப் புளிப்பு ரசிக்கவில்லை. 1904இல் இந்தியாவுக்கு வந்து, சிம்லாவுக்கு அப்பால் கோட்கட் என்ற மலைக் கிராமப் பகுதியில் தங்கிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர், 1916 வாக்கில் தம் நாட்டிலிருந்து 'டெலிஷியஸ்' வகைக் கன்றுகளைத் தருவித்து அங்கே நட்டார். காந்தியடிகளின் இயக்கத்தில் சேர்ந்து சிறை சென்றவர் அவர். பிற்காலத்தில் இந்து சமயத்தைத் தழுவிச் சத்தியானந்த ஸ்டோக்ஸ் ஆனார். அவர் கொண்டுவந்த இனிப்புப் பழத்தை மக்கள் விரும்பினார்கள். மலைச்சரிவெங்கும் அதுவும் அதன் இனங்களும் பரவின. நாம் வண்டியில் பார்க்கும் சிவப்பு ஆப்பிளில் பெரும்பகுதி இந்த டெலிஷியஸ் குடும்பம்தான்.

இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. டெலிஷியஸ் பழம் பச்சையாகக் கடித்துச் சாப்பிடுவதற்கென்றே ஏற்றது. இனிப்பு அதிகம், புளிப்பு குறைவு. அதை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டு மேலே சர்க்கரையும் தூவினால் இனிப்பின் மேல் இனிப்பாகி, ஆப்பிள் என்ற ருசியே தெரியாமல் போகிறது. வெளிநாட்டுச் சமையல் புத்தகங்களில் உள்ள அளவுகள் நம் பழத்துக்குச் சரிப்படாமல் போவதும் இதனால்தான். அவை புளிப்பு ஆப்பிளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆகவே நம் ஆப்பிளுக்கு எலுமிச்சம் பழச்சாறு அவசியம், சர்க்கரை பாதி போதும். இது முதல் விதி.

புளிப்புப் பழம் கிடைத்தால் இன்னும் நல்லது. காஷ்மீரிலிருந்து அக்டோபர் கடைசியில், நவம்பரில் வரும் 'மஹாராஜி' என்ற வகை சாறும் புளிப்பும் உள்ளது. பச்சை கலந்த சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். பழக்காரரிடம் பெயர் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார். அடுத்தது மஞ்சள் நிறமான 'கோல்டன்'. சிவப்பு டெலிஷியஸ் மரங்களுக்கு மகரந்தம் கிடைப்பதற்காக ஹிமாசலத் தோட்டங்களில் இடையிடையே இதை வளர்க்கிறார்கள். சிவப்பு இல்லை என்பதால் பலர் இதைத் தொடுவதில்லை, விலையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். பொரிப்பதற்கு இது சிவப்பைவிட நன்றாக உருக்குலையாமல் நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பச்சை ஆப்பிளும் பொரிக்க மிக நன்று. ஆனால் பக்கத்து மலையின் பழம் குவிந்து கிடக்கும் ஐப்பசியில் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பழத்தைப் பார்த்துப் பலகாரம்

இரண்டாவது விதிதான் முக்கியமானது. முதலில் பலகாரத்தை முடிவு செய்துவிட்டுப் பிறகு பழத்தைத் தேடக் கூடாது. கையில் இருக்கும் பழத்தைப் பார்த்து என்ன செய்வது என்று முடிவு செய்ய வேண்டும்.

ஆப்பிள் பறித்த பிறகும் மூச்சு விட்டுக் கொண்டே இருக்கிறது. அக்டோபர் மாதத் தில்லிப் பகலின் வெப்பத்தில் அது வேகமாக மாறுகிறது. பழத்தின் சதை சின்னச் சின்ன அறைகளால் ஆனது. அந்த அறைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. நாளாக நாளாக அந்தப் பசை இளகுகிறது. புதுப்பழத்தைக் கடித்தால் அறைகள் உடைந்து சாறு வருகிறது. பழைய பழத்தைக் கடித்தால் அறைகள் உடையாமல் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து போகின்றன. அதனால்தான் வாயில் சாறு வராமல் ரவை போல இருக்கிறது. கெட்டுப் போகாத பழம்தான், ஆனால் அதை வளையமாக நறுக்கிப் பொரித்தால் உள்ளே கூழாகி விடும்.

பழத்தின் காம்புப் பக்கம் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமும் அமுங்காமல் கல்லு மாதிரி இருந்தால் வளையம் செய்யலாம். லேசாக அமுங்கினால் சோமாசிப் பூரணம். நன்றாக அமுங்கி, நறுக்கினால் மாவு மாவாக இருந்தால் அப்பம். புளித்த வாடையோ உள்ளே கறுப்போ பூஞ்சையோ இருந்தால் எதற்கும் வேண்டாம். பெட்டி வந்த அன்றே இப்படி மூன்றாகப் பிரித்து, கெட்டியானவற்றைக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்துவிட்டால் அவை வாரக்கணக்கில் தாங்கும். அமுங்கியதை முதலில் செலவழிக்கலாம். அடிபட்ட ஒரு பழத்தைப் பெட்டிக்குள் விட்டு வைத்தால் அது பக்கத்துப் பழங்களையும் சீக்கிரம் கனிய வைத்து விடும்.

ஆப்பிள் வளையம்

இது பஜ்ஜியின் தம்பி. நான்கு பேருக்கு நடுத்தர அளவில் கெட்டியான மூன்று ஆப்பிள், மைதா அரை கப், பச்சரிசி மாவு கால் கப், சர்க்கரை ஒரு டீஸ்பூன், உப்பு இரண்டு சிட்டிகை, ஏலக்காய்ப் பொடி கொஞ்சம், அரை மூடி எலுமிச்சம் பழம் வேண்டும். மேலே தூவப் பொடித்த சர்க்கரை இரண்டு டேபிள்ஸ்பூன், அதில் கால் டீஸ்பூன் சுக்குப்பொடி அல்லது பட்டைப்பொடி. பட்டை என்றால் நமக்குக் குருமா நினைவு வரும், இனிப்பில் போட மனம் வராது. அப்படிப்பட்டவர்கள் சுக்கையே போடுங்கள், ஆப்பிளுக்குச் சுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

ஆப்பிளைத் தோல் சீவி, குறுக்கே வட்ட வட்டமாக நறுக்க வேண்டும். கனம் கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இருக்கட்டும். மெல்லியதாக நறுக்கினால் ஆப்பிள் மாவுக்குள் காணாமல் போகும், தடிமனாக நறுக்கினால் மேலே சிவந்தும் உள்ளே பச்சையாகவும் இருக்கும். நடுவில் இருக்கும் விதைப்பகுதியைச் சிறிய பாட்டில் மூடியை அழுத்தி எடுத்து விடலாம். எலுமிச்சைச் சாற்றைத் தடவுங்கள். வெட்டிய ஆப்பிள் காற்றுப் பட்டுப் பழுப்பாவதைப் புளிப்பு தடுக்கும், குறைந்த புளிப்பை ஈடுசெய்யவும் செய்யும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர். பொரிக்கும்போது நமக்கு இருக்கும் ஒரே எதிரி இந்தத் தண்ணீர்தான். துண்டுகளின் மேல் முன்கூட்டியே சர்க்கரை தூவி வைத்தால் சர்க்கரை உள்ளேயிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்து விடும். மாவு ஒட்டாமல் வழுக்கும். ஆகவே சர்க்கரை எப்போதும் பொரித்த பிறகுதான். நறுக்கிய வளையங்களைச் சுத்தமான பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, உலர்ந்த அரிசி மாவில் இரண்டு பக்கமும் லேசாகப் புரட்டி வையுங்கள். அப்போதுதான் கரைத்த மாவு பிடித்துக் கொள்ளும்.

மாவைக் குளிர்ந்த தண்ணீர் விட்டுப் பஜ்ஜி மாவுப் பதத்தில் கரைக்க வேண்டும். அதிகம் அடித்துக் கலக்கக் கூடாது, மைதா இழுபட்டு ரப்பராகி விடும். அங்கங்கே சிறு கட்டி இருந்தாலும் பாதகமில்லை. அரிசி மாவுதான் மொறுமொறுப்பைத் தருகிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

எண்ணெய் நடுத்தரச் சூட்டில், 170 முதல் 175 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். வீட்டில் வெப்பமானி இருக்காது. ஒரு சொட்டு மாவை விட்டால் அடிவரை போய், உடனே மேலெழும்பி வந்து, நிதானமாக நிறம் மாற வேண்டும். போட்டவுடனே சிவந்தால் சூடு அதிகம். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, வளையம் எண்ணெயைக் குடித்து விடும். ஒரு தடவைக்கு மூன்று நான்கு வளையங்களுக்கு மேல் போட வேண்டாம். ஈரமுள்ள பழம் சேர்ந்து விழுந்தால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும். மூன்று நான்கு நிமிடத்தில் சலசலப்பு அடங்கிப் பொன்னிறமாகும். ஜல்லிக்கரண்டியால் எடுத்துக் கம்பி வலைத்தட்டில் வைத்து, சூடாக இருக்கும்போதே சர்க்கரை தூவுங்கள். தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆவியில் நமுத்துப் போகும்.

நவராத்திரியில் நம் வீட்டுக் கொலுவுக்கு வரும் வடநாட்டுத் தோழிகள் பலர் விரதமாக இருப்பார்கள். அரிசி, மைதா, சாதாரண உப்பு எதுவும் தொட மாட்டார்கள். சுண்டலும் அவர்களுக்கு ஆகாது. தாம்பூலத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்ப நமக்கு மனம் வராது. அவர்களுக்கென்று சிங்காடா மாவும் இந்துப்பும் கொண்டு இதே வளையத்தைச் செய்யலாம். தண்ணீரில் விளையும் சிங்காடாக் காயை உலர்த்தி அரைத்த மாவு அது, தில்லி மளிகைக் கடைகளில் நவராத்திரிக்கு முன் கிடைக்கும். தனியாகப் புது எண்ணெயில் பொரியுங்கள். மாவு போன வருடத்துப் பாக்கெட்டாக இல்லாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஜிலேபி வேஷம்

இதே வளையத்துக்கு வடக்கத்தி அலங்காரம் ஒன்று உண்டு. ஒரு கப் மைதா, ஒரு டேபிள்ஸ்பூன் கடலை மாவு, அரை கப் புளித்த தயிர் சேர்த்துத் தேவையான தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, ஏழெட்டு மணி நேரம் புளிக்க வையுங்கள். ஒன்றரை கப் சர்க்கரையில் முக்கால் கப் தண்ணீர் விட்டு, விரலில் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும் பதம் வரை காய்ச்சி, குங்குமப்பூவும் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறும் சேர்த்து வெதுவெதுப்பாக வைத்துக் கொள்ளுங்கள். வளையங்களைப் புளித்த மாவில் தோய்த்துப் பொரித்து, பாகில் பக்கத்துக்கு அரை நிமிடம் முக்கி எடுத்தால் ஆப்பிள் ஜிலேபி.

உள்ளே ஈரமான பழம் இருப்பதால் சாதாரண ஜிலேபி போல் இது நெடுநேரம் மொறுமொறுவென்று நிற்காது. விருந்தாளிகளை உட்கார வைத்துவிட்டுப் பிறகு பொரிப்பதே நல்லது. மேலே ஒரு கரண்டி ரப்டி விட்டுக் கொடுத்தால் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர்கள் இரண்டாம் முறை கேட்பார்கள்.

ஆப்பிள் சோமாசி

லேசாக அமுங்கும் பழத்துக்கு இது. அரைக் கிலோ ஆப்பிளைத் தோல் சீவிப் பொடிப் பொடியாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் நெய்யில் போட்டு, மூடி போடாமல் சிறு தீயில் வதக்க வேண்டும். தண்ணீர் வெளியேறி வற்றி, துண்டுகள் வெந்து, அளவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்போது நான்கு டேபிள்ஸ்பூன் சர்க்கரையும் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கிளறுங்கள். மறுபடி இளகும், மறுபடி வற்றவிட வேண்டும். கரண்டியால் ஒதுக்கினால் வாணலியின் அடி தெரிய வேண்டும், தண்ணீர் ஓடி வந்து அந்த இடத்தை நிரப்பக் கூடாது. அதுதான் பதம்.

இறக்கி வைத்து, வறுத்த கொப்பரைத் துருவல் இரண்டு டேபிள்ஸ்பூன், பொட்டுக்கடலை மாவு இரண்டு டேபிள்ஸ்பூன், ஏலக்காய், கொஞ்சம் திராட்சை சேருங்கள். பொட்டுக்கடலை மாவுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. மிச்சமிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக் கொள்ளும். பூரணம் முழுக்க ஆறிய பிறகே நிரப்ப வேண்டும். சூடாக வைத்தால் மேல்மாவு இளகி எண்ணெயில் வாய் திறந்து விடும், பூரணம் வெளியே வந்து கருகி எண்ணெயும் பாழாகும்.

மேல்மாவுக்கு மைதா ஒரு கப், ரவை ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, சுடவைத்த நெய் ஒரு டேபிள்ஸ்பூன் சேர்த்துப் பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். மெல்லிய வட்டமாக இட்டு, ஒரு டீஸ்பூன் பூரணம் வைத்து, ஓரத்தில் ஈரவிரலைத் தடவி மடித்து அழுத்தி, சோமாசிக் கரண்டியால் ஓரம் வெட்டி விடுங்கள். ஊரிலிருந்து கரண்டி கொண்டு வராதவர்களுக்கு இங்கே குஜியா அச்சு கிடைக்கிறது. ஹோலிக்கு இவர்கள் செய்யும் குஜியாவும் நம் சோமாசியும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள்தான். வளையத்துக்கு வைத்த சூட்டைவிடக் குறைந்த சூட்டில், திருப்பித் திருப்பிப் போட்டு நிதானமாகப் பொரிக்க வேண்டும்.

சர்க்கரையும் கொப்பரையும் மட்டும் வைத்த சோமாசி வாரக்கணக்கில் டப்பாவில் இருக்கும். இது அப்படி இருக்காது. உள்ளே பழம் இருக்கிறது. செய்த அன்றும் மறுநாளும் சாப்பிட்டு முடித்து விடுங்கள். ஊருக்குப் பார்சல் அனுப்ப இது ஏற்றதல்ல. வேண்டுமானால் பூரணத்தை மட்டும் மூன்று நாள் முன்னதாகச் செய்து குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டு, தீபாவளி அன்று காலை பொரிக்கலாம்.

ஆப்பிள் அப்பம்

பெட்டியின் அடியில் கடைசியாக மிஞ்சும் மாவுப் பழத்துக்கு இதைவிட நல்ல கதி இல்லை. திருக்கார்த்திகைக்கு அப்பமும் பொரியும் செய்வது நம் வழக்கம். அப்பத்தில் வாழைப்பழம் போடும் இடத்தில் ஆப்பிளைப் போடுகிறோம், அவ்வளவுதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. வாழைப்பழம் பிசைந்தால் பசை போல் மாவைச் சேர்த்துப் பிடிக்கும். ஆப்பிள் பிடிக்காது, தண்ணீர்தான் விடும். ஆகவே மாவை முதலில் கெட்டியாகவே கரைக்க வேண்டும். கோதுமை மாவு ஒரு கப், அரிசி மாவு கால் கப், பொடித்த வெல்லம் முக்கால் கப், துருவிய ஆப்பிள் ஒரு கப், ஏலக்காய், பல்லுப் பல்லாக நறுக்கி நெய்யில் வறுத்த தேங்காய், ஒரு சிட்டிகை உப்பு. வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைய வைத்து வடிகட்டி, ஆறிய பின் மாவோடு கலந்து, ஆப்பிளைத் தோல் நீக்கித் துருவி உடனே சேர்த்து விடுங்கள். அரை மணி நேரம் வைத்தால் ஆப்பிள் தண்ணீர் விட்டு மாவு தானாக இட்லி மாவுப் பதத்துக்கு வரும். அதற்கு மேல் கெட்டியாக இருந்தால் மட்டும் ஒரு கரண்டி தண்ணீர்.

குழிப்பணியாரச் சட்டியில் குழிக்கு ஒரு டீஸ்பூன் நெய்யும் எண்ணெயும் கலந்து விட்டு, முக்கால் குழி மாவு ஊற்றிச் சிறு தீயில் இருபுறமும் வேக விடுங்கள். தீயைக் கூட்டினால் வெல்லமும் பழச்சர்க்கரையும் மேலே கறுத்து விடும், உள்ளே வேகாது. சட்டி இல்லாதவர்கள் வாணலியில் கரண்டியால் ஊற்றியும் பொரிக்கலாம், எண்ணெய் கொஞ்சம் கூடக் குடிக்கும்.

எங்கள் வீட்டில் இந்த அப்பம் நிலைத்ததற்குக் காரணம் என் மாமியார். கடைசி சில வருடங்கள் அவருக்குப் பல் இல்லை. வீடு நிறைய ஆப்பிள் இருக்கும், எல்லோரும் கடித்துச் சாப்பிடுவார்கள், அவர் பார்த்துக் கொண்டிருப்பார். வேகவைத்து மசித்துக் கொடுத்தால், "எனக்கென்ன காய்ச்சலா?" என்று தள்ளி வைத்து விடுவார். அப்பமாகச் செய்து கொடுத்தபோது மூன்று சாப்பிட்டார். "வாழைப்பழ அப்பத்தைவிட லேசா இருக்குடி" என்றார். பல்லில்லாத பெரியவர்கள் உள்ள வீடுகளில் அவசியம் செய்து பாருங்கள்.

எண்ணெய் விஷயத்தில் கவனம்

பழம் பொரித்த எண்ணெயில் மாவுத் துகளும் சர்க்கரையும் தங்கி விடும். அடுத்த தடவை அவை கருகிக் கசப்பாகும். ஆகவே கொஞ்சமாக எண்ணெய் வைத்துப் பொரியுங்கள். ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, இரண்டு மூன்று நாளில் தாளிக்கவோ சப்பாத்திக்கோ செலவழித்து விடுங்கள். பழைய எண்ணெயோடு புது எண்ணெயை விட்டு விட்டுப் பொரிப்பது வேண்டாம். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் கெடுதலான பொருள்கள் சேர்கின்றன. 2018 ஜூலை முதல் உணவு விடுதிகளுக்கும் கடைகளுக்கும் இதற்கென்று சட்டப்படி ஓர் உச்ச வரம்பு இருக்கிறது. வீட்டில் அளந்து பார்க்கக் கருவி கிடையாது. நிறம் கறுத்தாலும், நுரைத்தாலும், சூடேறும் முன்பே புகைந்தாலும் அந்த எண்ணெய் முடிந்து விட்டது என்று அர்த்தம். அதைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக் கொள்ளும். பழைய செய்தித்தாளில் உறிஞ்ச வைத்துக் குப்பையில் போடுங்கள்.

ஈரமான பழம் எண்ணெயில் விழுந்தால் தெறிக்கும். கையைத் தூக்கிப் போடாமல் எண்ணெய்க்கு அருகில் கொண்டுபோய் மெதுவாக நழுவ விடுங்கள். நம் குடியிருப்புகளில் பல சமையலறைகள் இரண்டு பேர் நிற்க முடியாதவை. தீபாவளி நாளில் குழந்தைகள் புதுத்துணியோடு உள்ளே ஓடி வருவார்கள். பொரிக்கும் வேளையில் வாசற்படியிலேயே அவர்களை நிறுத்தி, சர்க்கரை தூவும் வேலையைக் கூடத்து மேஜையில் கொடுத்து விடுங்கள். அவர்களும் சந்தோஷமாகச் செய்வார்கள்.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஆப்பிள்தானே, பழம்தானே" என்று சமாதானம் சொல்லிக் கொண்டு நான்கு வளையம் சாப்பிட்டு விடாதீர்கள். மைதா, எண்ணெய், சர்க்கரை மூன்றும் சேர்ந்த பிறகு அது பழம் அல்ல, பட்சணம். மேலே சர்க்கரை தூவாத வளையம் ஒன்றை, சாப்பாட்டுக்குப் பதிலாக அல்லாமல், அளவோடு எடுத்துக் கொள்வது வேறு. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதுவும் வேண்டாம். அவர்களுக்குத் தோலோடு ஒரு கெட்டி ஆப்பிளை நறுக்கித் தட்டில் வையுங்கள்.

மொத்தத்தில், புளிப்புக்கு எலுமிச்சை, ஈரத்துக்குத் துணி, கெட்டிப் பழத்துக்கு வளையம், இளகிய பழத்துக்கு சோமாசி, மாவுப் பழத்துக்கு அப்பம் என்று நினைவில் வைத்துக் கொண்டால் போதும். இந்த வருடம் வீட்டுக்கு வரும் பெட்டியில் ஒரு பழம்கூட வீணாகாது. இங்கேயே பிறந்து வளர்கிற நம் குழந்தைகளுக்குத் தீபாவளிப் பலகாரம் என்றால் ஊரிலிருந்து வரும் டப்பாவும் கடையிலிருந்து வரும் அட்டைப் பெட்டியும் மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. இந்த மண்ணின் பழத்தில், நம் வீட்டு வாணலியில், அம்மாவோ அப்பாவோ செய்த ஒன்றும் அவர்கள் நினைவில் இருக்கட்டும்.

செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் வேறு விதமாகச் செய்தால், சங்கத்தில் பார்க்கும்போது எனக்கும் சொல்லுங்கள். எல்லோருக்கும் தீபாவளி நல்வாழ்த்துக்கள்.